மதில் காத்தவர் படை நடத்திய கதை



நம் சங்க இதழில் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவம் நெறிக்கக்கூடும். இலக்கியமும் வரலாறும் அறிவியலும் இடம்பெறும் ஏட்டில் பந்துக்கு என்ன வேலை என்று கேட்கவுங்கூடும். ஒரு தொழிலை ஒருவர் எவ்வாறு கற்றார், கற்றதைப் பிறர்க்கு எவ்வாறு வழங்கினார் என்று ஆராய்வதும் கல்வியே என்பது என் விடை. அதிலும் அத்தொழில் நம் ஊர் இளைஞர்களின் வாழ்வைத் தொடுமாயின், அதை ஆராய்வது கடமையுங்கூட.

நான் பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தவன். வீட்டில் தமிழ்; பள்ளியில் தமிழும் மலையாளமும்; கடைத்தெருவில் இரண்டும் கலந்த பேச்சு. கணவாய்க் காற்று வீசும் அறுவடை முடிந்த வயல்களே எங்கள் ஆடுகளம். அங்கே நான் பந்தைத் துரத்திக் கோல் அடித்தவன் அல்லன். பின்னால் நின்று தடுத்தவன். ஊர் வழக்கில் சொன்னால் 'பேக்' ஆடியவன். ஆகவே 2025 மார்ச்சுத் திங்களில் வந்த ஒரு செய்தி என்னை நின்று நினைக்கச் செய்தது. தாவீது கத்தலா என்னும் ஸ்பானியரைக் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகம் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. அவர் தம் ஆடும் காலத்தில் நடுப் பின்காவலராக, அதாவது 'ஸ்டாப்பராக' விளங்கியவர்.

பின்னால் நின்று தடுத்தவர் முன்னால் நின்று நடத்துபவர் ஆவது எப்படி? நம் மண்ணிலும் அப்படி ஒருவர் இருந்தாரா? அவர் வாழ்வு நமக்கு எதைக் கற்பிக்கிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்காவலின் இயல்பு

நம் புறப்பொருள் இலக்கணத்தில் மதிலை வளைப்போர் உழிஞை சூடுவர்; மதிலைக் காப்போர் நொச்சி சூடுவர். தொல்காப்பியம் நொச்சியை உழிஞைக்குள் அடக்கிற்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ நொச்சிக்கெனத் தனிப் படலமே வகுத்தது. காத்தலும் தாக்குதலுக்கு ஒப்பான வீரமே, அதற்கும் தனி இலக்கணம் உண்டு என்று நம்மவர் கண்டனர். கால்பந்தாட்டத்தில் பின்காவலரே நொச்சி வீரர். மக்கள் கைதட்டுவது பெரும்பாலும் உழிஞையாருக்கே என்பது வேறு.

இவ்வேலை நூறாண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. 1925ஆம் ஆண்டு வரை, முன்னே நிற்கும் ஆட்டக்காரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியார் மூவர் இருந்தாலன்றி 'ஆஃப்சைடு' ஆகும். அவ்வாண்டில் மூவர் என்பது இருவர் என்று திருத்தப்பட்டது. முன்கள வீரர்க்கு வழி எளிதாயிற்று, கோல்கள் பெருகின. அதற்கு மாற்றாக இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தில் எர்பர்ட் சாப்மன் என்னும் மேலாளர் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து, இரு பேக்குகளுக்கும் நடுவில் நிறுத்தினார். 'மூன்றாம் பேக்' என்ற இடம் ஊன்றியது இவ்வாறுதான். ஒரு விதி மாறியதால் ஒரு தொழில் தோன்றியது.

மற்றொரு மாற்றம் 1992இல் வந்தது. தம் அணியார் வேண்டுமென்றே காலால் திருப்பியனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் பிடிக்கலாகாது என்ற விதி அது. அதற்கு முன், நெருக்கடி வந்தால் பின்காவலர் பந்தைக் கோல் காவலரிடம் உருட்டிவிட்டு மூச்சு விடுவார். அவ்வழி அடைபட்டதும் அவர் தாமே பந்தை ஆளவும், நெருக்கடிக்கு நடுவே தம் தோழரைத் தேடிக் கொடுக்கவும் கற்க வேண்டியதாயிற்று. இன்று ஸ்பானியர் ஆட்டமுறை என்று நாம் வியந்து பார்க்கும், பின்னிருந்து பந்தைப் பின்னிப் பின்னி எடுத்துவரும் ஆட்டத்துக்கு இவ்விதியும் ஒரு காரணம். தடுப்பவர் தொடங்குபவராகவும் ஆனார்.

எனினும் மாறாத ஒன்று உண்டு. அதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. எங்கள் ஊரில் செவன்ஸ் ஆட்டங்களில் நெடுங்காலம் பேக் ஆடிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது கறவை மாடு வைத்துப் பிழைக்கிறார். விடுமுறையில் ஒருநாள் அவரிடம் கேட்டேன்:

"மாமா, பேக் ஆடறவனுக்கு முதல்ல என்னங்க வேணும்?"

"வாய் வேணும் தம்பி. காலெல்லாம் அப்புறம்."

"வாயா?"

"ஆமா. முன்னால இருக்கிறவன் முதுகுக்குப் பின்னால ஒண்ணும் பாக்கமாட்டான். எனக்குத்தான் பதினாலு பேரும் தெரியும். தெரிஞ்சத நான் சொல்லோணுமில்ல? சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

செவன்ஸ் என்பது அணிக்கு எழுவர் ஆடும் ஆட்டம்; ஆகவே அவர் கணக்கில் பதினால்வர். பெரியவர் சொன்னதில் இருபகுதிகள் உள்ளன. ஒன்று, முழுக் களத்தையும் காணுதல். மற்றொன்று, கண்டதைப் பிறர் புரிந்து நடக்கும்படி உடனே சொல்லுதல். இவ்விரண்டையும் கூட்டினால் வருவது பயிற்சியாளரின் தொழிலே அன்றோ?

இக்கருத்தை மிகைப்படுத்தவும் கூடாது. பின்காவலராக ஆடியவர் எல்லாரும் பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை. பயிற்சியாளர் எல்லாரும் பின்காவலராக இருந்தவரும் அல்லர். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த சையத் அப்துல் ரகீம் முதலில் பள்ளி ஆசிரியர். கல்கத்தாவில் பெயர் நாட்டிய பி.கே. பானர்ஜி முன்கள வீரர். பின்களம் ஒருவருக்குக் கண்ணைத் தருகிறது. கல்வியை அவர் தாமே தேட வேண்டும்.

ரகீமின் பெயரைச் சொன்னதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அப்போட்டியில் இந்தியாவின் ஸ்டாப்பர் ஜர்னெயில் சிங். தலையில் அடிபட்டுத் தையல் போட்ட அவரை ரகீம் உட்காரவைத்துவிடவில்லை, முன்களத்தில் நிறுத்தினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இந்தியா இரண்டு கோல் அடித்து வென்றது. ஒன்று பானர்ஜி அடித்தது. மற்றொன்று ஜர்னெயில் சிங் அடித்தது. தடுப்பவருக்குத் தாக்கவும் தெரியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஸ்பானியர் சென்ற வழி

கத்தலா பிறந்தது 1980இல், ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில். ஸ்பெயினில் சலமன்கா, செல்டா முதலிய கழகங்களில் ஆடினார். பின்னர்ச் சைப்ரஸ் தீவின் லார்னகா நகரக் கழகத்துக்குச் சென்றார். அவர் ஆடிய அக்கழகம் 2018இல் சைப்ரஸ் கோப்பையை வென்றது. ஆடி ஓய்ந்ததும் அதே கழகத்தில் பயிற்சியாளர் ஆனார். பிறகு சைப்ரஸின் அப்போலன் லிமசோல், குரோவேசியாவின் இஸ்திரியா 1961, தாயகத்தின் சபதெல் ஆகிய கழகங்களை நடத்திவிட்டுக் கொச்சிக்கு வந்தார். வந்த அடுத்த திங்களில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் அவர் அணி ஈஸ்ட் பெங்காலை 2-0 என வென்று, காலிறுதியில் மோகன் பகானிடம் 1-2 எனத் தோற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வெற்றி தோல்வி அன்று, வழி. ஆடும்போதே ஒரு கழகத்தில் நம்பிக்கை பெறுகிறார். ஆடி முடிந்ததும் அங்கேயே பயிற்றும் வாய்ப்புக் கிடைக்கிறது. பின்னர் நாடுதோறும் செல்கிறார். ஐரோப்பாவில் அவ்வழிக்குப் படிகள் கட்டப்பட்டுள்ளன. படிகள் இல்லாத காலத்தில் அதே உயரத்தை ஏறியவர் ஒருவர் நம் மலைக்குக் கீழேயே இருந்தார்.

சாலக்குடியின் சாத்துண்ணி

ஆனைமலைத் தொடரை நம்மிற் பலர் அறிவோம். அதன் வடமேற்கே பாலக்காட்டுச் சமவெளி. தெற்கே இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர். பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திலிருந்து இறங்கும் நீர் சாலக்குடி ஆற்றில் கலந்து மேற்கே ஓடுகிறது. வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை, வாழச்சால் வழியாக இறங்கும் பாதை சென்று சேரும் ஊரும் சாலக்குடியே. திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியைச் சேர்ந்தவர் டி.கே. சாத்துண்ணி. அவர் 2024 ஜூன் 12ஆம் நாள் மறைந்தார்.

அவர் இளைஞராய் இருந்த காலத்தில் கேரளத்தில் கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொள்ளும் கழகம் எதுவும் இல்லை. ஏழை இளைஞனுக்குப் பந்து சோறு போட வேண்டுமானால் அதற்கு வழி பட்டாளம், காவல்துறை, ஆலை, வங்கி ஆகியவையே. சாத்துண்ணி படையில் சேர்ந்தார். செகந்திராபாத்தில் இருந்த ஈ.எம்.ஈ. மையத்தின் அணியில் பின்காவலராக ஆடினார். சந்தோஷ் கோப்பைப் போட்டியில் படைத்துறையின் 'சர்வீசஸ்' அணிக்காகக் களம் கண்டார். பின்னர்க் கோவாவின் வாஸ்கோ கழகம்; அதன்பின் பம்பாயின் ஆர்கே மில்ஸ் அணி. சர்வீசஸ், கோவா, மகாராட்டிரம் என மூன்று அணிகளின் சட்டைகளை அணிந்தவர் அவர்.

இப்பட்டியலை வெறும் ஊர்ப்பெயர் வரிசையாகப் படித்துவிடல் ஆகாது. சாலக்குடியில் மலையாளம், பட்டாளத்தில் இந்தி, கோவாவில் கொங்கணி, பம்பாயில் மராத்தியும் இந்தியும். பின்காவலரின் கருவி வாய் என்று பெரியவர் சொன்னாரே, அவ்வாய் ஒவ்வோர் ஊரிலும் புதிய மொழியில் பேசியாக வேண்டும். "விடாதே", "வெளியே வா", "இடப்பக்கம் பார்" என்று ஒரு நொடிக்குள் சொல்லவேண்டிய சொற்களை அயல்மொழியில் சொல்லப் பழகியவர், பின்னாளில் எந்த மாநிலத்து இளைஞரையும் பயிற்றும் தகுதியைத் தம்மையறியாமலே தேடிக்கொண்டவர் ஆகிறார்.

ஆடி ஓய்ந்தபின் அவர் ஊர் திரும்பி முடங்கிவிடவில்லை. கோவாவில் எம்.ஆர்.எஃப்., சர்ச்சில் பிரதர்ஸ், சல்கோக்கர், கல்கத்தாவில் மோகன் பகான், கேரளத்தில் எஃப்.சி. கொச்சின், விவா கேரளா என அவர் பயிற்றிய கழகங்கள் பல.

மாணவர் ஒருவர்

பயிற்சியாளரின் புகழ் கோப்பைகளால் மட்டும் அளக்கப்படுவதன்று. திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் ஆட்டம் பார்க்க வந்தோர்க்குச் சோடா விற்று வயிறு வளர்த்த சிறுவன் ஒருவன் இருந்தான். கேரள விளையாட்டுக் கழகம் நடத்திய பயிற்சியில் அவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே அவனுக்குப் பாடம் சொன்னவர் சாத்துண்ணி. அச்சிறுவன்தான் ஐ.எம். விஜயன். 1969இல் பிறந்த அவர் பதின்பருவத்திலேயே கேரளக் காவல்துறை அணியில் சேர்ந்தார். பிற்காலத்தில் இந்திய அணியின் தலைவராய் உயர்ந்தார். 2003இல் அர்ஜுனா விருதும் 2025இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆசிரியர் பின்காவலர், மாணவரோ முன்களத்தில் கோல் அடிப்பவர். பூட்டுச் செய்பவனுக்குத்தான் பூட்டைத் திறக்கும் வழியெல்லாம் தெரியும். தடுக்கும் தொழிலில் தாம் எங்கெங்கே தடுமாறினோம் என்று அறிந்தவர், தாக்குவோனுக்கு அவ்விடங்களைக் காட்டவல்லவர்.

1990ஆம் ஆண்டு திருச்சூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் கேரளக் காவல்துறை அணி கோவாவின் சல்கோக்கரை 2-1 என்று வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் கேரள அணி அதுவே. மறு ஆண்டும் அவ்வணியே வென்றது. அந்த அணியில் விஜயன் இருந்தார், சி.வி. பாப்பச்சன் இருந்தார்; பின்களத்தில் வி.பி. சத்தியன் இருந்தார். சத்தியனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

கல்கத்தாவில் ஒரு பருவம்

சாத்துண்ணியின் வாழ்வில் தலையாய செயல் 1997-98ஆம் ஆண்டின் தேசிய லீக். அதன் அருமையை உணர முன்கதை வேண்டும். 1997 ஜூலை 13ஆம் நாள் கல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. 1,31,000-க்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா வைர வடிவில் அணியை நிறுத்தும் தாக்குதல் முறையைக் கையாண்டு வந்தார். ஊரெங்கும் அதே பேச்சு. அன்றைய ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். முன்னே பாய்ந்த அணியின் முதுகு திறந்து கிடந்ததை எதிரி பயன்படுத்திக்கொண்டான்.

அடிபட்ட அக்கழகத்தை அப்பருவத்தின் தேசிய லீக்கில் நடத்திச் சென்றவர் சாத்துண்ணி. தேசிய லீக் தொடங்கி அது இரண்டாம் ஆண்டு. முதலாண்டில் பஞ்சாபின் ஜே.சி.டி. வென்றிருந்தது. 1997-98இல் மோகன் பகான் வென்றது. அக்கழகத்தின் முதல் தேசிய லீக் வெற்றி அது.

கோப்பை ஆட்டத்துக்கும் லீக் ஆட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. கோப்பையில் ஒருநாள் மேலோங்கினால் போதும். லீக்கிலோ திங்கள் கணக்கில், ஊர் ஊராகச் சென்று, வெல்ல முடியாத நாளில் தோற்காமலேனும் வர வேண்டும். ஓட்டையை அடைப்பதை முதற்கடமையாய்க் கொண்டு வாழ்ந்த ஒரு பின்காவலரின் மனப்பான்மைக்கு லீக் ஏற்ற களம் என்பது என் கருத்து.

இவர் தனியர் அல்லர். ஐதராபாத்தின் சையத் நயீமுதீன் 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்ற இந்திய அணியின் தலைவர், பின்காவலர். அவர் பயிற்றிய ஈஸ்ட் பெங்கால் 1990இல் டூரண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. கேடயம் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அர்ஜுனா, துரோணாச்சாரியா என்னும் இரு விருதுகளும் அவர்க்கு உண்டு. மோகன் பகானின் பின்களத்தில் பதினேழு ஆண்டுகள் நின்ற சுப்ரதா பட்டாச்சார்யா, அதே கழகத்தின் பயிற்சியாளராய் 1999-2000, 2001-02 ஆகிய இரு பருவங்களில் தேசிய லீக்கை வென்றார். அவர்க்குத் தாய்க்கழகம் துணை நின்றது. சாத்துண்ணிக்கோ அப்படி ஒரே கழகம் இல்லை. சென்ற இடமெல்லாம் புதிதாய் நம்பிக்கை தேட வேண்டியிருந்தது.

கலைந்த கழகங்கள்

அவர் பயிற்றிய கழகங்கள் பின்னர் என்ன ஆயின என்று பார்ப்போம். எஃப்.சி. கொச்சின் 1997இல் தோன்றியது, கேரளத்தின் முதல் தொழில்முறைக் கழகம் எனப் புகழப்பட்டது, அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்ற முதல் கேரள அணியாயிற்று, 2002இல் மறைந்தது. விவா கேரளா 2004இல் தோன்றியது, 2011இல் சிராக் யுனைடெட் கேரளா என்று பெயர் மாறியது, 2012இல் கலைந்தது. நம் பக்கம் திரும்பினாலும் அதுவே கதை. கோயம்புத்தூரைத் தன் களமாய்க் கொண்ட சென்னை சிட்டி, ஸ்பானிய ஆட்டக்காரர் சிலரின் துணையோடு 2018-19இல் ஐ-லீக்கை வென்றது. வாளையாறு தாண்டினால் கோவை. எங்கள் ஊர் இளைஞர் பேருந்தேறிச் சென்று அவ்வாட்டங்களைக் கண்டு வந்தனர். 2020-21 பருவத்தோடு அக்கழகமும் ஐ-லீக்கிலிருந்து நீங்கியது.

முதலாளி கைவிட்டால் கழகம் கலைகிறது. அரங்கின் பெயர்ப்பலகை கழற்றப்படுகிறது. ஆனால் கற்றுக்கொடுத்தது கலைவதில்லை. எஃப்.சி. கொச்சின் இன்று இல்லை. விவா கேரளா இல்லை. சாத்துண்ணியும் இல்லை. அவரிடம் பயின்றவரும், அவர்களிடம் பயின்றவரும் கேரளமெங்கும் இருக்கின்றனர். அயல்நாட்டில் கழகம் நிலைத்து நிற்கப் பயிற்சியாளர்கள் வந்துபோகின்றனர். நம் நாட்டிலோ கழகங்கள் வந்துபோயின; பயிற்சியாளரே நிலைத்த கழகமாய் நடமாடினார். இதுவே அவர் வாழ்விலிருந்து நான் கற்ற தலையாய பாடம்.

சத்தியனின் பாடம்

இனி, நெஞ்சை உறுத்தும் மறுபக்கத்தையும் காண்போம். வி.பி. சத்தியன் கண்ணூர் மாவட்டத்துச் சொக்ளியைச் சேர்ந்தவர், பின்காவலர், இந்திய அணியின் தலைவர். 1992இல் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம் நம் கோயம்புத்தூரில் நடந்தது. சத்தியன் தலைமையில் கேரளம் கோவாவை 3-0 என்று வென்று, 1973-க்குப் பிறகு முதன்முறையாக அக்கோப்பையை எடுத்துச் சென்றது. பின்னர் அவர் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியின் அணியில் ஆடினார், அவ்வணிக்குப் பயிற்சியாளருமானார். தமிழ்நாட்டுக் கால்பந்தாட்டத்துக்கு அவர் அயலார் அல்லர்.

2006 ஜூலை 18ஆம் நாள் சென்னைப் பல்லாவரத்தில் தொடர்வண்டியில் அடிபட்டு அவர் மாண்டார். வயது 41. அடிபட்ட கால்களின் நோவும் மனச்சோர்வும் அவரை வருத்தி வந்தன. 2018இல் அவர் வாழ்க்கை 'கேப்டன்' என்னும் மலையாளத் திரைப்படம் ஆயிற்று.

ஒரு மனிதனின் துயரத்துக்கு ஒரே காரணம் கற்பிக்க நான் துணியேன். ஆனால் ஒன்று சொல்லலாம். ஆட்டக்காரனுக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு வாழ்வு முடிந்துவிடுகிறது. மக்களின் ஆரவாரம் ஒருநாள் நின்றுவிடுகிறது. முழங்கால் நோவு மட்டும் நிற்பதில்லை. அப்போது அவனுக்கு வேண்டுவன மூன்று: மருத்துவம், மனத்துக்குத் துணை, மறுதொழிலுக்கான கல்வி. எலும்பு முறிந்தால் வைத்தியரிடம் ஓடும் நாம், மனம் சோர்ந்தவனைப் பார்த்து "ஆம்பளை நீ, தைரியமா இரு" என்று சொல்லி அகன்றுவிடுகிறோம். அது துணையன்று. உடன் அமர்ந்து கேட்பதும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதுமே துணை. எதிரியின் பந்தையெல்லாம் தடுத்து நின்றவனுக்கும் தன்னைக் காக்க ஒரு பேக் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் நான் எழுதக் காரணம் நம் எல்லைப்புறத்து இளைஞர்களே. மூணாற்றுக் கண்ணன் தேவன் தோட்டங்களில் ஃபின்லே கேடயத்துக்காக எஸ்டேட் அணிகள் மோதும் ஆட்டங்களைப் பற்றி நம் சங்கத்தின் இடுக்கித் தோழர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், மலைக்காற்றில் மூச்சிரைக்காமல் ஓடும் ஆற்றலுடையவர்கள், அங்கே ஆடுகின்றனர். எங்கள் சித்தூர் வட்டத்திலோ கோடை வந்தால் இரவு விளக்கொளியில் செவன்ஸ். ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இருபத்தைந்து வயதில் திருமணமும் கடனும் வந்ததும் காலணியைப் பரணில் போட்டுவிடுகின்றனர். அதன்பின் அவர்கள் கண்டறிந்ததெல்லாம் அவர்களோடு உறங்கிவிடுகிறது.

சாத்துண்ணியின் காலத்தில் இல்லாத படிகள் இன்று உண்டு. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஆசியக் கூட்டமைப்பும் வகுத்த பயிற்சியாளர் உரிமங்கள் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாய் உயர்கின்றன. டி உரிமம் சிறுவர்க்குப் பயிற்றும் தொடக்கப் படி. அதை எடுக்க இந்தியாவுக்காக ஆடியிருக்க வேண்டுவதில்லை. கல்வியும் பொறுமையும் வேண்டும். கேரளத்தில் 2024இல் ஆறு அணிகளோடு சூப்பர் லீக் கேரளா என்னும் புதிய போட்டி தொடங்கியது. அணிகள் பெருகினால் பயிற்றுவோரும் பெருக வேண்டும் அன்றோ?

எல்லைப்புறத்தான் என்றால் இரண்டு மொழியிலும் அரைகுறை என்று எள்ளுவோர் உண்டு. கேரளத்தில் தமிழன், தமிழ்நாட்டில் மலையாளி என்று இருபுறமும் அயலாராய் நோக்கப்படுவது நம்மிற் பலர் அறிந்த கசப்பு. ஆனால் பயிற்சியாளரின் தொழிலில் அக்குறையே நிறையாகிறது. சாத்துண்ணி மாநிலம் மாநிலமாய்ச் சென்று தேடிய பன்மொழிப் பழக்கத்தை நம் பிள்ளைகள் தாய்மடியிலும் கடைத்தெருவிலும் இலவசமாய்ப் பெறுகின்றனர். கோவையிலும் பயிற்றலாம்; கொச்சியிலும் பயிற்றலாம். இத்தகுதி எத்தனை பேருக்கு உண்டு?

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள், ஆடி ஓய்ந்த பேக்குகளையும் கோல் காவலர்களையும் சந்தித்து, அவர்கள் கண்டறிந்த நுணுக்கங்களை எழுதி வரவேண்டும். இவ்விதழ் அவற்றை வெளியிட வேண்டும். உரிமத் தேர்வின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தயங்கும் எஸ்டேட் இளைஞர்க்கு, அவற்றைத் தமிழில் விளக்கும் வகுப்பைச் சங்கம் நடத்த வேண்டும். ஆண்டுதோறும் ஓர் இளைஞருக்கேனும் டி உரிமத்தின் கட்டணத்தை நாம் திரட்டித் தர வேண்டும். ஒருவர் கற்றால் ஓர் ஊர்ச் சிறுவர் கற்பர்.

ஸ்பெயினிலிருந்து வந்த பின்காவலரை வரவேற்போம். அவரிடம் கற்பதற்கு உண்டு. அதே வேளையில், ஆனைமலையின் அடிவாரத்தில் வாழ்ந்து மறைந்தவரையும் மறவாதிருப்போம். நம் ஊர் மைதானத்தின் பின்கோடியில் நின்று, யாரும் கைதட்டாத நேரத்திலும், "இடப்பக்கம் பாருடா" என்று கூவிக்கொண்டிருக்கும் ஒருவன் இன்றும் இருப்பான். அவன் குரலைக் கேளுங்கள். நாளைய பயிற்சியாளன் அவனாகவும் இருக்கலாம்.